வாலிபர் ஐக்கியமும் ரசீது புக்கும்

தெக்கத்திப் பக்கம் எந்தச் சபையிலயாவது வாலிபர் ஐக்கியச் செயலாளரா இருந்தவர் யாரையாச்சும் பிடிச்சு, "அந்த ரெண்டு வருஷமும் என்னண்ணே பண்ணீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. ஜெபக்கூட்டம், வேதபாடம்னு ஆரம்பிப்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து இன்னும் கொஞ்சம் கிளறினா உண்மை வந்துடும். "காசு பிரிச்சோம் தம்பி."

யாரையும் கிண்டல் பண்ண இதை எழுதலை. நானும் ரசீது புக்கைக் கக்கத்துல வச்சுக்கிட்டு ரெண்டு டிசம்பர் அலைஞ்சவன்தான். ரொம்ப நாளா மனசுல கிடந்த விஷயம், இன்னைக்கு எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். வாலிபர் கூட்டத்துக்கு ஆகிற செலவு சபையோட செலவு. அதைப் பெரியவங்க கொடுக்கணும். வாலிபர்கள் கொடுக்கிற காசும் பிரிக்கிற காசும் வெளியே, தங்களைவிட இல்லாதவங்களுக்குப் போகணும். நான் பார்த்த பெரும்பாலான இடத்துல இது தலைகீழா நடக்குது.

மத்த நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம் (சபைக்காரங்க அடுத்த பத்திக்குத் தாவிடலாம்). எங்க பக்கம் சில ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். அதுக்கு ஒரு குருவானவர், பேச்சுவழக்குல ஐயர். பல சேகரம் சேர்ந்தா திருமண்டலம், அதுக்குப் பேராயர். சபைக்கு வருமானம்னா குடும்பங்கள் கொடுக்கிற சங்கக் காணிக்கை, ஞாயித்துக்கிழமை காணிக்கைப் பை, பொறந்தநாள் கல்யாணநாளுக்குப் போடுற ஸ்தோத்திரக் காணிக்கை, அப்புறம் அறுப்பின் பண்டிகை ஏலம். அந்த ஏலத்துல ஒரு சின்னப் பூசணிக்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் அதைத் திருப்பிக் கோயிலுக்கே கொடுப்பார், அது மறுபடியும் ஏலத்துக்கு வரும் :-) கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி கொடுத்துப் பழகின ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் புதுசா இருக்காது.

இந்த வரவுலேர்ந்துதான் சபை ஊழியர் சம்பளம், கரண்ட் பில், திருமண்டலத்துக்குக் கட்டுற பங்கு, கட்டட வேலை எல்லாம். வருஷத்துக்கு ஒருதடவை வரவு செலவுத் திட்டத்தை வாசிப்பாங்க. அதுல "வாலிபர் ஐக்கியம்"னு ஒரு வரி இருக்கும். அதுக்கு நேரே ஒரு கோடு போட்டிருக்கும். இல்லேன்னா எந்தக் காலத்துலயோ எழுதி அப்படியே நகல் எடுத்துக்கிட்டு வர்ற ஒரு தொகை இருக்கும். அதை வச்சு ஒரு வேளை பிரியாணி போடக்கூட முடியாது.

அப்ப செலவுக்குப் பணம்? நாலு வழி இருக்கு.

முதல் வழி கீத பவனி. கேரல் ரவுண்ட்ஸ்னு சொன்னாத்தான் பலருக்குப் புரியும். டிசம்பர் மாசம் ராத்திரி வீடு வீடாப் போய்ப் பாடுறது. ட்ரம் அடிக்க ஒருத்தன், கிறிஸ்மஸ் தாத்தா வேஷத்துல வேர்த்து விறுவிறுத்து ஒருத்தன், பின்னாடியே ரசீது புக்கோட ஒருத்தன். சின்ன வயசுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. இப்பவும் பிடிக்கும். ஆனா அந்த ரசீது புக் பாட்டையே எப்படி மாத்துதுன்னு கவனிச்சிருக்கீங்களா? எந்தத் தெரு முதல்ல, எந்த வீட்டுல எத்தனை பாட்டுன்னு தீர்மானிக்கிறது யாரு? மாடி வீட்டு வாசல்ல நாலு பாட்டு, தாத்தா டான்ஸ், ஒரு நீண்ட ஜெபம். ஓட்டு வீட்டு வாசல்ல ஒரு பல்லவி, ஒரு சரணம், "அடுத்த வீட்டுக்குப் போலாம்ல, நேரமாச்சு". பையங்க கெட்டவங்க இல்லை. வருஷச் செலவு முழுக்க அந்தப் பத்து ராத்திரியில தேறணும்னு அவங்க தலையில கட்டிவிட்டா வேற என்ன செய்வாங்க?

ரெண்டாவது அறுப்பின் பண்டிகைக் கடை. பஜ்ஜி, லெமன் ஜூஸ், லக்கி டிப். இதுல நான் குறை சொல்ல ஒண்ணுமில்லை. உழைச்சு சம்பாதிக்கிற காசு. எண்ணெய்ச் சட்டி முன்னாடி நாலு மணிநேரம் நின்ன பையனுக்கும் பொண்ணுக்கும் நடுவுல வர்ற சிநேகம் எந்த முகாம்லயும் வராது. ஆனா வரவு கம்மி.

மூணாவது ஸ்பான்சர். "காலை உணவு அன்பளிப்பு: இன்னார் குடும்பத்தார்"னு பேனர்ல போடுறது. நல்ல மனசோட, பேரே போட வேண்டாம்னு கொடுக்கிறவங்க நிறையப் பேர் இருக்காங்க. ஆனா மேடையில பத்து நிமிஷம் கேட்கிறவங்களும் இருக்காங்க. திருமண்டலத் தேர்தல் நெருங்குற வருஷத்துல எங்க பக்கம் வாலிபர் முகாமுக்கு ஸ்பான்சர் கிடைக்கிற வேகமே தனி. அந்தப் பிரியாணிக்கு அப்புறமா என்ன விலைன்னு பதினெட்டு வயசுப் பையனுக்குத் தெரியாது. கொடுத்தவருக்குத் தெரியும்.

நாலாவதுதான் முகாம் கட்டணம். என்னை இதை எழுத வச்சது அதுதான், அதனால கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன். அப்பா கொத்தனார் வேலைக்குப் போறவர். பையன் ஒரு ஞாயிறு தவறமாட்டான். கூட்டம் முடிஞ்சதும் நாற்காலியை அடுக்கி வைக்கிறது அவன்தான், பாட்டுப் புத்தகத்தை எண்ணி அலமாரியில வைக்கிறதும் அவன்தான். ஆனா ஒவ்வொரு மே மாசமும் முகாம் சமயத்துல ஆள் இருக்கமாட்டான். ஒரு வருஷம் மாமா வீட்டுக் கல்யாணம். ஒரு வருஷம் கம்ப்யூட்டர் கிளாஸ். ஒரு வருஷம் உடம்பு சரியில்லை. நாலாவது வருஷம் அவன் தங்கச்சியும் வாலிபர் ஐக்கியத்துக்கு வர ஆரம்பிச்சா. அந்த மே மாசம் ரெண்டு பேருமே காணோம். அப்புறம்தான் அவங்க அம்மா பேச்சுவாக்குல யார்கிட்டயோ சொல்லியிருக்காங்க. "தலைக்கு அறுநூறுன்னா ரெண்டு பேருக்கும் ஆயிரத்து இருநூறு. ஒருத்தரை மட்டும் அனுப்பினா மத்தது மூஞ்சியைப் பார்க்க முடியாது."

கேள்விப்பட்டதும் எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா சும்மாவே கூட்டிட்டுப் போயிருப்போமே!" நோட்டீஸ்லயும் கீழே சின்ன எழுத்துல போட்டிருந்தது, "கட்டணம் செலுத்த இயலாதவர்கள் செயலாளரை அணுகவும்"னு. நல்லெண்ணத்துலதான் போட்டாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. பதினேழு வயசுல, கூடப் படிக்கிற பொண்ணுங்க உட்கார்ந்திருக்கிற ஒரு கூட்டத்துல, "அண்ணே, என்னால கட்ட இயலாது"ன்னு எந்தப் பையன் போய் நிப்பான்? நான் போயிருக்கமாட்டேன். கம்ப்யூட்டர் கிளாஸ்னுதான் சொல்லியிருப்பேன்.

அந்த அறுநூறு ரூபாயால முகாமுக்கு வந்த வரவு எவ்வளவுன்னு கணக்குல இருக்கும். அதனால வராமப் போனவங்க எத்தனை பேர்னு எந்தக் கணக்குலயும் இருக்காது. அதுதான் பிரச்சினையே.

இந்த விஷயத்துல நம்ம முன்னோடிங்க எப்படி யோசிச்சாங்கன்னு கொஞ்சம் பார்ப்போம். (வரலாறு போரடிக்கும்கிறவங்க பொறுத்துக்கங்க, சுருக்கமா முடிச்சிடறேன்.)

ஓய்வுநாள் பள்ளியைப் பிரபலமாக்கின ராபர்ட் ரெய்க்ஸ், 1780-ல் இங்கிலாந்துல குளஸ்டர் நகரத்துல ஆரம்பிச்சப்ப பிள்ளைங்ககிட்ட கட்டணம் வாங்கலை. வாரத்துல ஆறு நாள் வேலைக்குப் போய்க்கிட்டிருந்த ஏழைப் பிள்ளைங்க அவங்க. அவர் காசு கொடுத்தது ஆசிரியைகளுக்கு, ஒரு ஞாயித்துக்கிழமைக்கு ஒரு ஷில்லிங். அதாவது, இளசுகளுக்கான ஊழியத்துக்குச் செலவு பெரியவங்க பொறுப்பு.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. பிரிஸ்டல் நகரத்துல ஜான் வெஸ்லியோட ஆளுங்க 1739-ல் ஒரு கூடம் கட்டினாங்க. கட்டினா கடன் வரத்தானே செய்யும்? 1742 பிப்ரவரியில அந்தக் கடனை எப்படி அடைக்கிறதுன்னு பேச உட்கார்ந்தாங்க. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தா அடைச்சிடலாம்னு ஒருத்தர் சொன்னார். "நிறையப் பேருக்கு அதுகூட முடியாதே"ன்னு இன்னொருத்தர் கேட்டார். அங்கே இருந்த ஃபாய்ங்கிற கப்பல் கேப்டன் ஒரு யோசனை சொன்னார். இருக்கிறதுலேயே ஏழைங்களா பதினோரு பேரை என் பொறுப்புல விடுங்க, வாரா வாரம் நான் அவங்க வீட்டுக்குப் போறேன், அவங்களால முடிஞ்சா சரி, முடியலைன்னா அவங்க பங்கையும் நானே போட்டுடறேன்னார். மத்தவங்களும் அதே மாதிரி ஆளுக்குப் பதினோரு பேரைப் பார்த்துக்க ஒத்துக்கிட்டாங்க.

முக்கியமானது அதுக்கப்புறம் நடந்ததுதான். காசுக்காக வீடு வீடாப் போனவங்க, ஒவ்வொரு வீட்டுலயும் என்ன நடக்குதுன்னு பார்க்க ஆரம்பிச்சாங்க. யாருக்கு வேலை போச்சு, யார் குடியில விழுந்துட்டார், யார் நொந்து போயிருக்கார்னு வெஸ்லிக்குத் தகவல் வந்துச்சு. "நான் இத்தனை நாளாத் தேடினது இதைத்தான்"கிற மாதிரி அவர் அந்த ஏற்பாட்டை அப்படியே பிடிச்சுக்கிட்டார். மெத்தடிஸ்ட் சபையோட வகுப்பு முறை அப்படிப் பிறந்ததுதான். பணம் பிரிக்கிற ஒரு ஏற்பாடு, மனுஷங்களைப் பார்த்துக்கிற ஏற்பாடா மாறிடுச்சு. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானப்ப ஆங்கிலிக்கன், காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் ஆட்களோட மெத்தடிஸ்ட் ஆட்களும் சேர்ந்துதான் ஒண்ணானாங்க. அதனால கேப்டன் ஃபாய் நமக்கும் ஒரு வகையில பாட்டன்தான்.

இதுல கவனிக்க வேண்டியது, "இயலாதவர்கள் என்னை அணுகவும்"னு கேப்டன் நோட்டீஸ் ஒட்டலை. அவர்தான் அவங்களைத் தேடிப் போனார்.

மூணாவது நம்ம ஊர்க் கதை. வேதநாயகம் சாமுவேல் அசரியா. பின்னாடி 1912-ல் தோர்ணக்கல் பேராயரா ஆனாரே, ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்தியப் பேராயர், அவரேதான். அவர் ஒய்.எம்.சி.ஏ. செயலாளரா இருந்தப்ப 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ் மாணவர்கள் தாங்களே ஒரு சங்கம் வச்சு, தங்க காசுல இந்தியாவுக்கு மிஷனெரி அனுப்புறதைப் பார்த்தார். நம்ம திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் ஏன் இதைச் செய்யலைங்கிற கேள்வியோட திரும்பி வந்தார். அடுத்த வருஷம், 1903-ல் பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பமாச்சு. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம்கிறதுதான் கொள்கை. அப்ப அசரியாவுக்கு வயசு 28. இன்னைக்குக் கணக்குல வாலிபர் ஐக்கியத்து ஆள் :-)

யாழ்ப்பாணத்து மாணவர்கள் காசு கொடுத்தது தங்களோட சுற்றுலாவுக்கு இல்லை, டி-ஷர்ட்டுக்கு இல்லை. கடல் தாண்டி இருக்கிற யாருக்கோ. வாலிபர் கையில காசைக் கொடுத்து, அது வெளியே போற வழியையும் காட்டினா என்ன நடக்கும்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எங்க ஊர்ப் பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பிடி அரிசியும் இதே ஜாதிதான். தினமும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனியா வைக்கிற அந்த அரிசியை அவங்க கூட்டத்துக்குக் காபி போட யாரும் விற்கிறதில்லை.

சரி, கதை போதும், கணக்குக்கு வருவோம். ஒரு உதாரணத்துக்கு 60 பேர், ரெண்டு நாள் முகாம். (விலை ஊருக்கு ஊர் மாறும். இது கணக்குப் புரியறதுக்காக நான் போட்டது.)

தங்குறதும் சாப்பாடும் தலைக்கு நாளைக்கு 500 ரூபாய்: 60,000
பஸ்: 18,000
டி-ஷர்ட் 250 வீதம்: 15,000
சவுண்ட் சர்வீஸ்: 12,000
பேச்சாளர்களுக்குப் பயணமும் அன்பளிப்பும்: 10,000
ஃப்ளெக்ஸ் பேனர்: 3,000
நோட்டு, பேனா, முதலுதவி: 2,000

மொத்தம் 1,20,000. கட்டணம் 600 வச்சா 60 பேர்கிட்ட 36,000 வரும். மிச்சம் 84,000 பிரிக்கணும்.

இப்ப இதுலேர்ந்து மூணே மூணு வரியை எடுங்க. டி-ஷர்ட், ஃப்ளெக்ஸ், வாடகை சவுண்ட். 30,000 குறையும். அறுபது பேர் உட்கார்ற கூடத்துல ரெண்டு ஆள் உயர ஸ்பீக்கர் எதுக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கலை. கோயில்ல இருக்கிற மைக்கைக் கொண்டுபோனா ஆகாதா? அந்த 30,000-ங்கிறது 50 பேரோட கட்டணம். அதாவது, அந்தப் பையனையும் அவன் தங்கச்சியையும் வெளியே நிறுத்தின அறுநூறு ரூபாய்ல பெரும்பகுதி அவங்க முதுகுல அச்சடிக்கிற எழுத்துக்கும், ஒரு வாரத்துல கிழியப்போற பேனருக்கும், சத்தத்துக்கும் போகுது.

மீதி 90,000. எதிர்பாராத செலவுக்குப் பத்துல ஒரு பங்கு, 9,000 சேர்த்தா 99,000. 250 குடும்பம் இருக்கிற சபைன்னா குடும்பத்துக்கு வருஷத்துக்கு 396 ரூபாய். மாசத்துக்கு 33 ரூபாய். ரெண்டு மூணு டீக் காசு. இதைச் சபை தன்னோட வரவு செலவுத் திட்டத்துல வச்சுட்டா கட்டணம் இல்லை, ரசீது புக் இல்லை, ஸ்பான்சருக்குப் பத்து நிமிஷம் கொடுக்கத் தேவையும் இல்லை. 250 குடும்பம் இல்லாத சின்னச் சபைன்னா? சேகரமா சேர்ந்து நடத்துங்க. இல்லேன்னா மலை ஏறாம, நம்ம பள்ளிக்கூடத்துக் கட்டடத்துலயே பாய் விரிச்சு நடத்துங்க. இடத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகிற செலவே பாதிக்கு மேல.

இன்னொண்ணு. வருஷத்துல 52 ஞாயிறு. முகாம் ரெண்டு நாள். ஆனா பிரிக்கிற பணத்துல பெரும்பங்கு அந்த ரெண்டு நாளுக்கே போயிடுது. மிச்ச நாளுக்கு டீ வாங்கக்கூட செயலாளர் தன் பாக்கெட்லேர்ந்து போடுறார். பரீட்சை சமயத்துல ராத்திரி படிக்க ஒரு அறையும் லைட்டும், வேலைக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைங்களுக்கு உதவி, ஆஸ்பத்திரியில இருக்கிற வாலிபனைப் பார்க்கப் போக பஸ் காசு, இதுக்கெல்லாம் தொகை ரொம்பச் சின்னது. ஆனா தலைப்பே இல்லாததால காசும் இல்லை. முதல்ல தலைப்பைப் போடுங்க. தொகை தானா வரும்.

இப்ப நான் சொன்னதுக்கு வழக்கமா வர்ற எதிர்ப்பு ரெண்டு.

"சும்மா கொடுத்தா மதிப்பு தெரியாது" அப்படிங்கிறது ஒண்ணு. நியாயமான வாதம்தான், ஒதுக்கித் தள்ளமாட்டேன். இலவசம்னு பேர் கொடுத்துட்டு கடைசி நாள்ல வராம விடுற ஆளுங்க உண்டு. சமைச்சது வீணாப் போகும். ஆனா மதிப்பு தெரிய வைக்கிறதுக்குக் காசு ஒண்ணுதானா வழி? பாத்திரம் கழுவுறதுல பங்கு கொடுங்க, காய் நறுக்க வைங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு நடக்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியில ஒரு வாரம் உதவி பண்ண வைங்க. எல்லாரும் சமமாக் கொடுக்க முடிஞ்சது அதுதான். அதுக்கு மேல, முகாம் கடைசி ஆராதனையில ஒரு காணிக்கை எடுங்க. அவனவன் முடிஞ்சதைப் போடட்டும், யார் எவ்வளவு போட்டாங்கன்னு யாருக்கும் தெரியக்கூடாது. அந்தக் காசு மொத்தமும் வெளியே போகணும், எங்கே போகணும்னு அவங்களே தீர்மானிக்கணும். ரெண்டு காசு போட்ட விதவையை இயேசு கவனிச்சார்னு வருஷா வருஷம் பிரசங்கம் பண்றோம். அந்த விதவைகிட்ட தேவாலயத்துக்கு உள்ளே வர நுழைவுக் கட்டணம் யாரும் கேட்கலை.

"சபைக்கே பத்தாக்குறை, நாங்க எங்கே போக?"ங்கிறது ரெண்டாவது. இருக்கலாம். ஆனா அதே சபையில கோபுரத்துக்கு லைட்டு போட, தரைக்கு கிரானைட் பதிக்கன்னு கமிட்டி உட்கார்ந்தா மூணு மாசத்துல பணம் வந்துடுது. கட்டடத்துக்குக் கொடுத்தா கல்லுல பேர் வரும், வாலிபர் டீக்குக் கொடுத்தா வராது. பத்தாக்குறைங்கிறது பல நேரம் பணத்துல இல்லைன்னு நான் நினைக்கிறேன்.

கடைசியா, கணக்கு வைக்கிறதைப் பத்திச் சில வார்த்தை. சபை பணம் கொடுக்கணும்னு கேட்கிறவன் இதையும் சொல்லித்தான் ஆகணும்.

இப்ப ரசீது புக் போய் ஸ்கேன் பண்ற அட்டை வந்துடுச்சு. கோயில் வாசல்லயே ஒட்டியிருக்கும். ஸ்கேன் பண்ணிப் பாருங்க, பாதி இடத்துல பொருளாளர் தம்பியோட சொந்தப் பேர் வரும். அவன் நல்ல பையனாவே இருக்கட்டும். அவன் சம்பளமும் வாலிபர் பணமும் ஒரே கணக்குல கிடந்தா, மாசக் கடைசியில எது எதுன்னு அவனுக்கே குழம்பும். நாளைக்கு வேலை கிடைச்சு சென்னைக்குப் போயிட்டா கணக்கும் கூடவே போயிடும். அப்புறம் ஊர்ல ஒருத்தர் "அவன் எவ்வளவு எடுத்தானோ"ன்னு ஒரு வார்த்தை விட்டாப் போதும், அந்தக் குடும்பம் கோயிலுக்கு வர்றதையே நிறுத்திடும். சபைப் பேர்ல, வாலிபர் ஐக்கியத்துக்குன்னு தனி வங்கிக் கணக்கு, ரெண்டு கையெழுத்து. சந்தேகப்பட்டு இதைக் கேட்கலை, அந்தத் தம்பியைக் காப்பாத்தத்தான் கேட்கிறேன். எருசலேம் ஏழைகளுக்குப் பணம் கொண்டுபோறப்ப பவுலே தனியாப் பொறுப்பெடுக்காம, யாரும் குறை சொல்ல இடம் வரக்கூடாதுன்னு சபைகள் நியமிச்ச ஆளைக் கூட வச்சுக்கிட்டார். பன்னிரண்டு பேர்ல பணப்பையை வச்சிருந்தவர் யாருன்னும் நமக்கு ஞாபகம் இருக்கு :-)

வெளிநாட்டு அண்ணாச்சிகள் விஷயத்துலயும் ஒரு எச்சரிக்கை. இந்தியக் குடியுரிமையோட துபாய்லயோ சிங்கப்பூர்லயோ வேலை பார்க்கிறவர் தன் சம்பாத்தியத்துலேர்ந்து வங்கி வழியா அனுப்பினா பிரச்சினை இல்லை. ஆனா அமெரிக்காவுலயோ கனடாவுலயோ குடியுரிமை வாங்கிட்டவர், நம்ம ஊர்க்காரராவே இருந்தாலும், ஓ.சி.ஐ. அட்டை வச்சிருந்தாலும், அவர் தர்றது சட்டப்படி அந்நிய நன்கொடை. 2010-ம் வருஷத்து அந்நிய நன்கொடைச் சட்டத்துல பதிவோ முன் அனுமதியோ இல்லாம அதை வாங்கக்கூடாது. 2020 திருத்தத்துக்கு அப்புறம் அது டெல்லியில இருக்கிற பாரத ஸ்டேட் வங்கி மெயின் கிளைக் கணக்குலதான் முதல்ல வந்து இறங்கணும், வாங்கின அமைப்பு இன்னொரு அமைப்புக்கு மாத்திக் கொடுக்கவும் முடியாது. "மாமா நூறு டாலர் அனுப்புறேன்னார்"னு ஒரு பத்தொன்பது வயசுப் பொருளாளர் தன் நம்பரைக் கொடுத்தா, மாட்டுறது மாமா இல்லை, அவன்தான். பெரியவங்க இதைச் சொல்லிக் கொடுக்கிறாங்களா? நான் பார்த்தவரைக்கும் இல்லை.

ஆக, நான் கேட்கிறது இவ்வளவுதான்:

1. சபை வரவு செலவுத் திட்டத்துல வாலிபர் ஐக்கியத்துக்கு ஒரு உண்மையான தொகை. வருஷத்துக்கு ஒருதடவை வாலிபர்களே திட்டம் எழுதிக் கொண்டுவந்து, கமிட்டி முன்னாடி பேசி வாங்கணும்.

2. முகாமுக்குக் கட்டணம் கிடையாது. வைச்சே ஆகணும்னா, பேர் எழுதாத கவர்ல முடிஞ்சதைப் போடுற முறை. "இயலாதவர்கள் அணுகவும்"ங்கிற வரி நோட்டீஸ்லேர்ந்து போகணும்.

3. கீத பவனிக் காசு மொத்தமும் வெளியே. அப்பத்தான் ஓட்டு வீட்டுக்கும் நாலு பாட்டு கிடைக்கும்.

4. சபைப் பேர்ல தனிக் கணக்கு, ரெண்டு கையெழுத்து, மூணு மாசத்துக்கு ஒருதடவை ஆராதனை முடிஞ்சு அறிவிப்பு நேரத்துல கணக்கு வாசிப்பு. வாசிக்கிறது வாலிபர்களா இருக்கணும். முப்பது வயசுக்குள்ள ஒரு வரவு செலவுக் கணக்கை நாலு பேர் முன்னாடி வாசிச்சவன், நாளைக்குச் சேகரக் கமிட்டியில உட்கார்ந்தா கேள்வி கேட்பான். (சிலருக்கு இதுதான் பயமோ என்னமோ!)

இதுல எதுவும் புரட்சி இல்லை. 1742-ல் ஒரு கப்பல் கேப்டனுக்குத் தோணினதும், 1902-ல் யாழ்ப்பாணத்துப் பையங்க செஞ்சு காட்டினதும்தான். காசு இல்லாதவனைத் தேடிப் போறதும், இருக்கிற காசை இல்லாதவனுக்கு அனுப்புறதும் நம்மகிட்ட ஏற்கனவே இருந்த பழக்கம்.

உங்க சபையில எப்படி? கட்டணமே இல்லாம முகாம் நடத்தின அனுபவம் யாருக்காவது இருந்தா, எப்படிச் சமாளிச்சீங்கன்னு பின்னூட்டத்துல கணக்கோட எழுதுங்க. கோயில் கொடை, பள்ளிவாசல் விழான்னு இளவட்டங்க வரி பிரிக்கிற மத்த நண்பர்களும் சொல்லுங்க. உங்க ஊர்லயும் அறுநூறு ரூபாய்க்காக ஒதுங்கி நிக்கிற ஒரு பையன் இருப்பான்னுதான் நினைக்கிறேன்.

டிஸ்கி: எங்க கமிட்டிப் பெரியவங்க யாராவது இதைப் படிச்சா, டி-ஷர்ட் மேல எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லைன்னு தெரிவிச்சுக்கறேன். வீட்டுல ஏழு வச்சிருக்கேன். வண்டி துடைக்க வசதியா இருக்கு.